ஒன்பது நாளில் ஐந்து நாடு... ஒரு நாட்டையும் பாக்கலை!

போன வாரம் எங்க குடியிருப்பிலேயே இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டுக்கு வந்திருந்தாங்க. புனேவில் பத்து வருஷப் பழக்கம். காபி குடிச்சு முடிச்சதும் அவர் பையிலிருந்து பளபளன்னு ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வெச்சார். டூர் கம்பெனி விளம்பரப் புத்தகம். அட்டையில் ஈஃபில் கோபுரமும் பிசா கோபுரமும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி நிக்குது.

"ஒன்பது நாள், ஐந்து நாடு சார். ஆளுக்கு ரெண்டு லட்சத்துச் சொச்சம். தினமும் ராத்திரி இந்தியச் சாப்பாடு. பேங்கில் பர்சனல் லோனுக்குக்கூடப் பேசிட்டேன். நீங்கதான் ரெண்டு தடவை இத்தாலி போயிருக்கீங்களே... போலாமா?"

பட்டுன்னு "போகாதீங்க"ன்னு சொல்லிட்டேன். வீட்டம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதிச்சா. அவருக்கு முகம் சுருங்கிப் போச்சு. விளக்கமாப் பேச அன்னிக்கு நேரமில்லை. அதான் இங்கே எழுதறேன். கோவம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். காரணம் இருக்கு, பொறுத்துக்குங்க.

அந்த மாதிரி ஒரு புத்தகத்தை நம்பி 2016-ல் நானும் லோன் போட்டேன். அப்பா, அம்மா, நான், வீட்டம்மா, அப்போ நாலு வயசுப் பையன். மூணு வருஷம் ஈ.எம்.ஐ. கட்டினேன். பணத்துக்காக இப்போ புலம்பலை. அது போனா வரும்.

எங்க ஊர் கரூர். அப்பா ஸ்கூல் வாத்தியார், சரித்திரம். கரூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அமராவதி ஆத்து மணலில் ரோமானியக் காசு கிடைச்ச ஊர் எங்களுது. மேற்குக் கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்த வியாபாரப் பாதை அது. அப்பா வருஷா வருஷம் அந்தப் பாடத்தை நடத்தறப்போ குரலே மாறிடும். நம்ம மிளகுக்காக ரோமாபுரிக்காரன் தங்கத்தையும் வெள்ளியையும் கொட்டினான், வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போயிடுதேன்னு பிளினின்னு ஒருத்தர் வயிறெரிஞ்சு எழுதி வெச்சிருக்கார்னு சொல்லுவார். திண்ணையில் டியூஷன் எடுக்கறப்போ நானும் கேட்டிருக்கேன், அடுப்படியிலிருந்து அம்மாவும் கேட்டிருக்காங்க. அவருக்கு ரோம் பாக்கணும்கிறது முப்பது வருஷத்து ஆசை. ஸ்விட்சர்லாந்தும் பாரிஸும் அவர் கேட்கவே இல்லை. புத்தகத்தில் இருந்துச்சு, அதனால் போனோம்.

ரோம் எங்களுக்கு வந்தது ஆறாவது நாள். பஸ் கொலோசியத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்னுச்சு. "போட்டோ ஸ்டாப், இருபது நிமிஷம்"னு டூர் மேனேஜர் மைக்கில் சொன்னார். உள்ளே போறது திட்டத்தில் இல்லையாம். அப்பா அவர்கிட்டே போய், "ரோமன் ஃபோரம் எந்தப் பக்கம்?"னு இங்கிலீஷில் கேட்டார். அவர் கையை நீட்டி, "அதோ சார், அந்தப் பக்கம். ஆனா ஒரு மணிக்கு லஞ்ச் புக் பண்ணியிருக்கு"ன்னார். அப்பா கம்பி வேலி வரைக்கும் போய், எட்டிப் பாத்துட்டு, திரும்பி வந்து பஸ்ஸில் உக்காந்தார். ஒரு மணிக்கு பனீர் பட்டர் மசாலாவும் அப்பளமும் சாப்பிட்டோம்.

ஊருக்கு வெளியே ஹைவே ஓரத்தில் ஹோட்டல். அன்னிக்கு ராத்திரி அப்பா சொன்னது இதுதான்: "கரூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, வேலிக்கு வெளியே நின்னுட்டுப் போறேன் கண்ணு."

2021-ல் அப்பா போயிட்டார். அந்த இருபது நிமிஷத்தை நான் யாருக்கு ஈ.எம்.ஐ. கட்டித் தீர்க்கறது, சொல்லுங்க.

டூர் மேனேஜர் மேல எனக்குக் கோவம் இல்லை. அவர் நல்ல மனுஷர், அம்மாவோட பையைக்கூடத் தூக்கி வந்தார். அவர் கையில் கொடுத்த திட்டம் அப்படி. அந்தத் திட்டத்தைக் காசு கொடுத்து வாங்கின என் மேலதான் கோவம். இப்போ வாங்கத் தயாரா இருக்கிற நம்ம ஆளுங்க மேலயும்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். "ஒன்பது நாள்"ங்கிறதில் முதல் நாளும் கடைசி நாளும் விமானத்துக்குப் போயிடும். மிச்சம் ஏழு. ஐந்து நாட்டையும் தொடுப்பது பஸ்ஸு. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் சாலை வழியா 270-280 கிலோமீட்டர், அங்கிருந்து வெனிஸ் இன்னொரு 260 சொச்சம். ஐரோப்பாவில் பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினா முக்கால் மணி நேரம் ஓய்வு எடுத்தே ஆகணும், அது சட்டம். நல்ல சட்டம். ஆனா அந்த முக்கால் மணி நேரமும் நம்ம "சுற்றுலா" கணக்கில்தான் சேரும். பெட்ரோல் பங்க் கடையில் சாக்லேட் வாங்கி, கழிவறை வரிசையில் நின்னது எங்க டூரில் எத்தனை மணி நேரம்னு எண்ணிப் பாத்தா அழுகை வரும்.

அப்புறம் ஒரு தோல் கடை, ஒரு கண்ணாடிக் கடை. "செய்முறை விளக்கம்"னு கூட்டிட்டுப் போவாங்க. பத்து நிமிஷம் விளக்கம், ஒரு மணி நேரம் கடை. கொலோசியத்துக்கு இருபது நிமிஷம், தோல் பைக்கு ஒரு மணி நேரம். இந்த ஒரு கணக்கே போதும், அந்தத் திட்டம் யாருக்காகப் போட்டதுன்னு தெரிஞ்சுக்க.

விலையிலும் விளையாட்டு உண்டு. தினப்படி டிப்ஸ் தனி. "விருப்பப்பட்டால்" போற இடங்கள் தனி. 2020 அக்டோபரிலிருந்து வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா டி.சி.எஸ்.னு ஒரு தொகையைப் பிடிச்சு வெச்சுக்கிறாங்க. வருமான வரியில் கணக்கு காட்டித் திரும்ப வாங்கலாம், ஆனா அதுவரைக்கும் நம்ம பணம் நம்ம கையில் இல்லை. விமான டிக்கெட்டும் தங்கற இடமும் நாமளே தனித்தனியா வாங்கினா அந்தப் பேச்சே இல்லை. (ஆபீஸில் எல்.டி.ஏ. கிடைக்குமான்னு கேட்கிற புண்ணியவான்களுக்கு: வரிச்சலுகை இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான். :-))

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் வாங்கறோம்? பயம். மொழி தெரியாது, சாப்பாடு கிடைக்காது, வழி தெரியாமப் போயிடும், யாராவது ஏமாத்திடுவாங்க.

இந்த இடத்தில்தான் எனக்கு நிஜமாவே கோவம் வருது. ஏங்க, நாம யாரு? ரெண்டு சூட்கேஸோட புனே ஸ்டேஷனில் வந்து இறங்கினவங்கதானே? "கித்னா"வுக்கும் "கிதர்"க்கும் வித்தியாசம் தெரியாம ஆட்டோக்காரர்கிட்டே மாட்டினவங்கதானே? தமிழ்ப் பேரைப் பாத்ததும் வீடு இல்லைன்னு சொன்னவங்க நடுவில் வீடு தேடிப் பிடிச்சோம். கேஸ் கனெக்‌ஷனுக்கு அலைஞ்சோம். மராத்தி தெரியாத பிள்ளையை மராத்தி கட்டாயம்னு சொன்ன ஸ்கூலில் சேத்து, கூடவே உக்காந்து நாமளும் எழுத்துக் கூட்டிப் படிச்சோம். டில்லி, அகமதாபாத், கொல்கத்தான்னு எங்க இருந்தாலும் நம்ம கதை ஒண்ணுதான். மொழி தெரியாத ஊரில் பிழைக்கிற வித்தையில் நாம ஒவ்வொருத்தரும் எம்.ஏ. பட்டம் வாங்கினவங்க. அந்த நாம, ஏழு நாள் ரோமில் சமாளிக்க முடியாதுன்னு யாரோ சொல்லி ஆளுக்கு ரெண்டு லட்சம் கொடுக்கறோம்.

இன்னொரு காரணமும் இருக்கு, அதை நாம ஒத்துக்க மாட்டோம். எண்ணிக்கை. ஊருக்குப் போறப்போ சித்தப்பா வீட்டில் "ஐந்து நாடு பாத்துட்டு வந்தோம்"னு சொல்றதில் ஒரு சுகம். "ஒரு நாட்டில் ரெண்டே ரெண்டு ஊர் பாத்தோம்"னு சொன்னா, "அதுக்கா இவ்வளவு செலவு?"ன்னு கேப்பாங்களேன்னு ஒரு கூச்சம். சித்தப்பா கேக்கிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மூணு வருஷம் ஈ.எம்.ஐ.யா?

அப்பா போன ரெண்டாவது வருஷம், 2023-ல், அம்மா ஒரு நாள் சாப்பிடறப்போ சொன்னாங்க: "அவர் வேலிக்கு வெளியே நின்ன இடத்தை, நான் ஒரு தடவை உள்ளே போய்ப் பாக்கணும் தம்பி." அம்மாவுக்கு அப்போ 67 வயசு. முழங்கால் வலி உண்டு.

லோன் போடறதில்லைன்னு முடிவு. கையில் நாலு லட்சம் இருந்துச்சு. அதுக்குள்ள நாலு பேர். ரெண்டே ஊர், ரோம் நாலு ராத்திரி, நேப்பிள்ஸ் மூணு ராத்திரி. வெனிஸ் இல்லை, ஃபுளோரன்ஸ் இல்லை, பிசா இல்லவே இல்லை. தீபாவளி கழிஞ்ச ரெண்டாம் நாள், நவம்பரில் கிளம்பினோம். பிள்ளைக்கு இங்கே தீபாவளி லீவு, அங்கே கூட்டம் குறைஞ்ச காலம், ரூம் வாடகையும் இறங்கியிருந்துச்சு. லேசான குளிர், ரெண்டு நாள் மழை. குடை இருந்துச்சு, தீர்ந்துது.

விசாவுக்கு நாங்களே விண்ணப்பிச்சோம். பயப்படற மாதிரி ஒண்ணுமில்லை, பொறுமை வேணும். பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் போகக்கூடாது. பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, ஆபீஸ் லீவுக் கடிதம், போகவர டிக்கெட், தங்கற இடத்து பதிவு, குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, என்னிக்கு எங்கே இருப்போம்னு ஒரு பக்கம். அவ்வளவுதான். அப்போ பெரியவங்களுக்கு 80 யூரோ. 2024 ஜூனிலிருந்து 90 ஆக்கிட்டாங்க. ஆறிலிருந்து பன்னிரண்டு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்குப் பாதி, ஆறுக்குக் கீழே இலவசம். ரூமை மட்டும், ரத்து பண்ணினா காசு திரும்ப வர்ற மாதிரி பதிவு பண்ணுங்க. விசா வராமப் போனா நஷ்டம் குறையும்.

கணக்கு கேக்கறீங்களா? ஒளிவுமறைவில்லாம இதோ, நாலு பேருக்குச் சேத்து:

மும்பையிலிருந்து ரோம் போகவர விமானம், வளைகுடா வழியா: 1,84,000
விசா, காப்பீடு: 39,000
ஏழு ராத்திரி, சமையலறையோட சின்ன வீடு: 54,000
ரயில், பஸ், மெட்ரோ: 20,000
நுழைவுச் சீட்டு: 17,000
சாப்பாடு, மளிகை: 32,000
புனே-மும்பை வண்டி, சிம், சில்லறை: 11,000

மொத்தம் 3,57,000 ரூபாய். யூரோ சுமார் 90 ரூபாயா இருந்தப்போ. ஆளுக்குத் தொண்ணூறாயிரத்துக்குள்ள. இன்னிக்குப் போனா இதுக்கு மேலதான் ஆகும், அதையும் சொல்லிடறேன். ஆனா பேக்கேஜ் விலையும் அப்படியே நின்னுட்டு இருக்கலையே.

எப்படிக் குறைஞ்சுது? பெரிய தந்திரம் எதுவும் இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து டெர்மினி ஸ்டேஷனுக்கு நேரா போற விசேஷ ரயில் 14 யூரோ. அதே ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள்ள மத்த ஸ்டேஷன்களுக்குப் போற சாதா ரயில் 8 யூரோ. ரோமில் பஸ் சீட்டு ஒன்றரை யூரோ, நூறு நிமிஷத்துக்குச் செல்லும். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயில் ஒரு மணி பத்து நிமிஷம், சாதா ரயில் கிட்டத்தட்ட மூணு மணி நேரம். அதிவேக ரயில் விலை விமான டிக்கெட் மாதிரி ஏறி இறங்கும். சாதா ரயிலுக்கு ஒரே விலை, அன்னிக்குப் போய் வாங்கினாலும் அதேதான். நாங்க சாதா ரயிலில் புளியோதரை சாப்பிட்டுக்கிட்டே போனோம்.

குடிதண்ணி காசு கொடுத்து வாங்கவே இல்லை. ரோம் தெருவில் 2,500 குழாய் இருக்கு, ராப்பகலா ஓடிட்டே இருக்கும், நல்ல தண்ணி. வளைஞ்ச குழாய் மூக்கு மாதிரி இருக்கிறதால "பெரிய மூக்கு"ன்னே பேரு வெச்சிருக்காங்க. காபியைக் கவுன்ட்டர்ல நின்னுகிட்டே குடிச்சா ஒண்ணேகால் யூரோ பக்கம், உக்காந்தா விலை வேற. நம்ம ஊர் டீக்கடை சம்பிரதாயம்தான்.

18 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைங்களுக்கு அரசாங்க அருங்காட்சியகம் எல்லாம் இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையா இருந்தாலும். மாசத்தின் முதல் ஞாயித்துக்கிழமை எல்லாருக்குமே இலவசம் (கூட்டம் நெரியும், பெரியவங்களோட வேண்டாம்). சர்ச்சுகளில் பெரும்பாலும் காசே கிடையாது. கொலோசியத்துக்குப் பக்கத்திலேயே சான் பியெத்ரோ இன் வின்கோலின்னு ஒரு சர்ச். மைக்கேலாஞ்சலோ செதுக்கின மோசஸ் அங்கேதான் உக்காந்திருக்கார், இலவசமா. சான் லூயிஜி சர்ச்சில் கரவாஜ்ஜோ வரைஞ்ச மூணு பெரிய படங்கள், அதுவும் இலவசம். செயின்ட் பீட்டர்ஸ் கோயிலுக்குள்ள போக, பியத்தா சிலையைப் பாக்க, ஒரு பைசா வேண்டாம், வரிசையில் நிக்கற பொறுமை இருந்தாப் போதும். பேக்கேஜில் இதில் பாதி இல்லை. தோல் கடை இருக்கு.

சாப்பாடு! நம்ம ஆளுங்க முதல்ல கேக்கிற கேள்வி. அம்மா சுத்த சைவம். டெர்மினிக்குப் பக்கத்தில் எஸ்குவிலினோ சந்தை. வெண்டைக்காய், பாகற்காய், பச்சை மிளகாய் எல்லாம் இருக்கு. பங்களாதேஷ் கடைக்காரர்கிட்டே அம்மா தன்னோட புனே ஹிந்தியில் பேரம் பேசினாங்க. வீட்டிலிருந்து ரசப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய். காலையில் பிரெட், தயிர். ராத்திரி ரசம் சாதம். மத்தியானம் வெளியே: பூண்டும் எண்ணெயும் காஞ்ச மிளகாயும் போட்ட ஸ்பகெட்டி, தக்காளி பாஸ்தா, எடை போட்டு வெட்டித் தர்ற பீட்சா. நேப்பிள்ஸ் மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது, தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டும்தான். கடுமையா சைவம் பாக்கிறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, பார்மிஜானோ, பெகோரினோ சீஸில் கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயித்திலிருந்து எடுக்கிற ரென்னட் சேர்ப்பாங்க. "தினமும் இந்தியச் சாப்பாடு"ன்னு போட்ட பஸ்ஸில் இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லலை.

தப்பே நடக்கலையான்னா, நடந்துச்சு. சாதா ரயிலின் காகிதச் சீட்டை ஏறறதுக்கு முன்னாடி பிளாட்ஃபாரம் மெஷினில் முத்திரை குத்தணும். படிச்சிருந்தேன், அவசரத்தில் மறந்துட்டேன். பரிசோதகர் வந்தார், அபராதம் கட்டினேன். அன்னிக்கு ராத்திரி வெளியே சாப்பிட வெச்சிருந்த காசு அது. வீட்டம்மா ஒண்ணும் சொல்லலை, ஆனா பாத்த பார்வை இருக்கே! பையன் அதுக்கப்புறம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் "அப்பா, குத்தியாச்சா?"ன்னு கேட்டே உயிரை எடுத்துட்டான்.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் ஒரு பிடி பிடிச்சுக்கறேன். "சிக்கனமாப் போறோம்"னு சொல்லிட்டு, ரெண்டு பேர் ரூமில் ஐந்து பேர் படுக்கறது, டிக்கெட் இல்லாம பஸ் ஏறிட்டுப் பெருமை பேசறது, ஹோட்டல் காலை உணவைத் துணிப்பையில் அள்ளறது, அடுப்பு இல்லாத ரூமில் குக்கரை வெச்சு தாளிச்சு, நெருப்பு அலாரம் அடிக்க வைக்கிறது. இதுக்குப் பேர் சிக்கனம் இல்லைங்க, திருட்டு. அவங்க பண்ற வேலைக்கு அடுத்து வர்ற நம்ம குடும்பத்தைச் சந்தேகமாப் பாக்கிறாங்க. சமைக்கணும்னா சமையலறை உள்ள வீடா எடுங்க. கொஞ்சம் தேடினா ஹோட்டல் விலைக்கே கிடைக்கும்.

சரி, ஃபோரத்துக்கு வர்றேன்.

கொலோசியம் சீட்டு 18 யூரோ, அதிலேயே ஃபோரமும் அடக்கம். அம்மாவுக்கு முழங்கால் வலின்னு சொன்னேனே, காலையில் கொலோசியம் மட்டும் பாத்துட்டு வீட்டுக்கு வந்து மத்தியானம் தூங்கினாங்க. சீட்டு 24 மணி நேரம் செல்லும்கிறதால மறுநாள் காலையில் வெயில் வந்ததும் ஃபோரத்துக்குள்ள போனோம். பேக்கேஜில் பெரியவங்களுக்குச் சௌகரியம்னு சொல்றாங்களே, அந்த மத்தியானத் தூக்கத்தை எந்த பஸ் தரும்? டூர் பஸ் ஊர் நடுவுக்குள்ள வர முடியாது, நிறுத்தின இடத்திலிருந்து கொடி பிடிச்சவர் பின்னாடி ஓட்டமும் நடையுமாப் போகணும். 2016-ல் அம்மா அதிகமா நடந்தாங்க, குறைவாப் பாத்தாங்க.

ஃபோரத்தில் மாக்சென்டியஸ் பசிலிக்கான்னு மூணு பிரம்மாண்டமான வளைவு நிக்குது, 4-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதுக்கு அடியில்தான், அதுக்கும் முன்னாடி, டொமிஷியன் காலத்தில் கட்டின மிளகுக் கிடங்கு இருந்துச்சு. பேரே "மிளகுக் கிடங்கு"தான். கரூர் வழியாப் போச்சோ முசிறி வழியாப் போச்சோ, நம்ம பக்கத்து மிளகு கப்பலேறி வந்து இறங்கின இடம். கொலோசியத்திலிருந்து கூப்பிடு தூரம். 2016-ல் அப்பா நின்ன வேலியிலிருந்து அஞ்சு நிமிஷ நடை.

அம்மா ஒரு கல் மேல உக்காந்தாங்க. ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கலை. நாங்களும் அவசரப்படுத்தலை, எங்களுக்கு எந்த லஞ்சும் புக் பண்ணலை. பையனைப் பக்கத்தில் உக்கார வெச்சு, அமராவதி ஆத்துக் காசு, பிளினி, 5 கோடி செஸ்டர்ஸ், எல்லாத்தையும் சொன்னாங்க. அப்பா சொன்ன அதே வரிசையில், அதே இடத்தில் நிறுத்தி. அடுப்படியிலிருந்து முப்பது வருஷம் கேட்டது. பையன், "அப்பத்தா, அப்பாரு இங்கே வந்தாரா?"ன்னு கேட்டான். அம்மா வேலிப் பக்கம் கையைக் காட்டி, "அதுவரைக்கும் வந்தாரு"ன்னாங்க.

நேப்பிள்ஸிலிருந்து பாம்பெய்க்கு உள்ளூர் ரயில், மூணு யூரோ பக்கம், நாப்பது நிமிஷம். கி.பி. 79-ல் வெசுவியஸ் வெடிச்சப்போ சாம்பலில் மூடின ஊர். அதே வெடிப்பில்தான் நம்ம மிளகுக்கு வயிறெரிஞ்ச பிளினியும் செத்துப் போனார்னு அங்கே பையனுக்குச் சொன்னேன். முழு நாள் இருந்தோம். பிரெட் சுட்ட அடுப்பு, தெருவோரச் சாப்பாட்டுக்கடை, வண்டிச் சக்கரம் தேச்ச பள்ளம் எல்லாம் அப்படியே இருக்கு.

அங்கே 1938-ல் தோண்டறப்போ கிடைச்ச ஒரு இந்தியத் தந்தப் பொம்மை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கு. "பாம்பெய் லட்சுமி"ன்னு பேரு, யட்சியா இருக்கலாம்னும் சொல்றாங்க. சாண் உயரத்துக்குக் கொஞ்சம் மேல. நம்ம மகாராஷ்டிரா போகர்தனில் கிடைச்ச பொம்மைகள் மாதிரியே இருக்காம். அது இருக்கிறது "ரகசிய அறை"யில். அந்த அறையில் மத்த சாமான்கள் எல்லாம் குடும்பத்தோட பாக்கிற ரகம் இல்லை, அதனால் வீட்டம்மா பையனோட வெளியே மொசைக் பாத்துகிட்டு இருந்தா. நானும் அம்மாவும் நேரா லட்சுமியைப் பாத்துட்டு, தலையைக் குனிஞ்சுகிட்டே வெளியே வந்துட்டோம். :-)

பேக்கேஜே கூடாதுன்னு சொல்லலை. துணைக்கு ஆளில்லாத பெரியவங்க, சக்கர நாற்காலி தேவைப்படறவங்க, ஃபோனில் மேப் பாக்கவே முடியாதவங்க, இவங்களுக்கு யாராவது ஏற்பாடு பண்ணித்தான் ஆகணும். அப்படி வாங்கினாலும் மூணு கேள்வி கேளுங்க. ஒவ்வொரு இடத்திலும் உள்ளே போறோமா, வெளியே நின்னு போட்டோவா? ஹோட்டல் ஊருக்குள்ளயா, எத்தனை கிலோமீட்டர் வெளியே? பஸ்ஸில் மொத்தம் எத்தனை மணி நேரம்? பதில் எழுத்தில் வரணும். வராட்டி எழுந்து வந்துடுங்க.

திருட்டு பயமும் நிஜம்தான். டெர்மினி ஸ்டேஷன், அங்கிருந்து வாட்டிகன் பக்கம் போற 64-ஆம் நம்பர் பஸ், ரெண்டும் ஜேப்படிக்குப் பேர் போனது. மும்பை லோக்கலில் பையை முன்னாடி மாட்டிக்கிட்டு நிக்கறோமே, அதே மாதிரி நின்னோம். ஒண்ணும் போகலை.

திரும்பி வந்ததும் ஊரில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "பிசா கோபுரம் பாக்கலையா?" இல்லைங்க, பாக்கலை. அதைக் கையால் தாங்கிப் பிடிக்கிற போட்டோ 2016-லேயே இருக்கு. அதில் அப்பாவும் இருக்கார். கை மட்டும் கோபுரத்துக்குச் சம்பந்தமில்லாம எங்கேயோ நீட்டிக்கிட்டு இருக்கு, பஸ் ஹாரன் அடிச்சுது, சரியா நிக்க நேரமில்லை.

அந்த நண்பரை நேத்து லிஃப்ட்டில் பாத்தேன். "சார், விசாவுக்கு நாமளே போட முடியுமா? கூட உக்காந்து சொல்லித் தருவீங்களா?"ன்னு கேட்டார். அவரோட அப்பாவுக்கு வயசு 72. தஞ்சாவூரில் ஓவிய வாத்தியாரா இருந்தவராம். லோன் பேப்பரில் இன்னும் கையெழுத்துப் போடலையாம். ஞாயித்துக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கேன்.